மாடு வேண்டாம் என்றவர்

ஆப்பரேஷன் தியேட்டருக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "இங்க எதுக்கும் ஷாக் ஆகக் கூடாது." நான் சேர்ந்தபோது எனக்கும் சொன்னார்கள். தலையை ஆட்டிவைத்தேன். ஆனால் ஓய்வு பெறும் வரைக்கும் அதை நான் கடைப்பிடிக்கவே இல்லை. இதய அறுவை சிகிச்சைக் கூடத்தில் தாதியாக நின்ற அத்தனை வருடமும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டேதான் இருந்தது. ரத்தத்தைப் பார்த்து அல்ல, அது பழகிவிடும். மனுஷர்களைப் பார்த்துத்தான். ஒருவர் மனத்தில் இதுதான் இருக்கிறது என்று நாம் முடிவு கட்டி வைத்திருப்போம். திடீரென்று அவர் வாயைத் திறந்து வேறொன்றைச் சொல்வார். அந்த அதிர்ச்சி எனக்குக் கடைசி நாள் வரை பழகவில்லை.

ஆகவே புதிதாகத் தாதி வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது நேர் எதிர். தாராளமாக அதிர்ச்சி அடையுங்கள். கை மட்டும் நடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

நான் சொல்லப்போவது அந்த அலமாரி சம்பந்தப்பட்ட கதை. எந்த அலமாரி என்று உங்களுக்கே தெரியும். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் குப்பிகள் இருக்கும். மருந்து நீரில் மிதந்துகொண்டு வெள்ளையாக ஒரு சதுரத் துண்டு. தண்ணீரில் நனைத்த அப்பளம் மாதிரி இருக்கும். அது மாட்டினுடைய இதயத்தைச் சுற்றியிருந்த உறை. சுத்தம் செய்து, பதப்படுத்தி, அழுகாமல் இருக்க ரசாயனத்தில் ஊற வைத்து அனுப்புகிறார்கள். மனித இதயத்தில் ஓட்டை இருந்தாலும் ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்தாலும் அதை வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்துவிடலாம். நாம் 'பேட்ச்' என்கிறோம். அதே உறையில் இதய வால்வும் செய்கிறார்கள். மாட்டுக்குப் பதில் பன்றியிலிருந்து வருவதும் உண்டு.

'உண்டு' அல்ல, 'இருந்தது' என்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த மருத்துவமனையில் பன்றி எப்படி அலமாரியை விட்டுப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்ட ஒரு முஸ்லிம் பெரியவர், புண் ஆறியதைக் காட்ட வந்திருந்தார். நல்ல சிரித்த முகம். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். வயிற்றுச் சுவரைத் தாங்குவதற்கு உள்ளே வைத்திருப்பது பதப்படுத்திய பன்றித் தோல் என்று, ஒரு பயிற்சி டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நான் வேறு வேலையாக அந்த அறைக்குள் போயிருந்தேன். பெரியவர் கத்தவில்லை. சட்டையை மெதுவாக இறக்கிவிட்டார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு முஸ்லிம் நோயாளிகளின் கோப்பில் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தோம். அப்புறம் அதுவும் வேண்டாம், ஸ்டிக்கர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. பன்றிச் சரக்கே நம் கூடத்துக்கு வேண்டாம், இனி எல்லாமே மாடுதான் என்று ஒரு கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். இனி யாருக்கும் பிரச்சினை இல்லை என்று கைகுலுக்கிக்கொண்டு, கறிபாப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

அந்தக் கூட்டத்தில் இருந்த தாதிகளில் பாதிப் பேர் நாங்கள், தமிழ்ப் பெண்கள். வெள்ளிக்கிழமையானால் கவுச்சி தொடாதவர்கள். மாட்டிறைச்சி சமைத்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க யோசிப்பவர்கள். எங்களில் ஒருத்திக்குக்கூட, "அப்ப நம்ம ஆளுங்க?" என்று கேட்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் மதப் பிரச்சினை என்றால் அது பன்றிதான் என்று எங்கள் தலைக்குள் யாரோ ஆணி அடித்து வைத்திருந்தார்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

மாணிக்கம் அண்ணன் வந்தது அதற்குப் பிறகு.

கிள்ளான் பட்டணத்துக்கு வெளியே மாட்டுக்கொட்டகை வைத்துப் பால் வியாபாரம் செய்பவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள், கவிதா, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அண்ணனுக்கு இதய வால்வு ஒன்று சுண்ணாம்பு படிந்து இறுகிப்போயிருந்தது. நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. கிளினிக்கில் டாக்டர் இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறார். மாட்டு உறையில் செய்த வால்வு வைத்தால் மாத்திரைத் தொல்லை அதிகம் இல்லை. இரும்பு மாதிரியான செயற்கை வால்வு வைத்தால் ஆயுசு முழுக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், அடிக்கடி வந்து ரத்தம் பார்க்க வேண்டும். அண்ணன் யோசிக்கவே இல்லையாம், இரும்பு என்று சொல்லிவிட்டார்.

அறுவை அன்று காலை, தியேட்டர் வாசலில் கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். நெற்றியில் திருநீறு. உள்ளே போகும்போது துடைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் பட்டையாகப் பூசியிருந்தார்.

"நீங்க தமிழா, சிஸ்டர்?"

"ஆமாண்ணே."

"இரும்பு வால்வுதானே வைக்கறாங்க?"

"அதான்ணே. மாத்திர விடாம சாப்பிடணும், டாக்டர் சொன்னாருல்ல?"

"அதெல்லாம் சாப்பிட்டுக்கலாம். மாடு மட்டும் வேணாம், சிஸ்டர். பாத்துக்கங்க." என் கையைப் பிடித்துக்கொண்டார். பால் கறந்து கறந்து காய்த்துப்போன கை. "என்ன ஆனாலும் சரி, மாடு வேணாம்."

"மாடு இல்லண்ணே. நான் இருக்கேன்லா உள்ள."

சொல்லிவிட்டு உள்ளே போனேன். சொன்னதோடு விடவில்லை. கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் நின்று நோயாளியின் பெயரையும் செய்யப்போவதையும் வாய்விட்டுச் சொல்வோமே, அப்போது எடுத்துச் சொன்னேன். எங்கள் தலைமை சர்ஜன் ஒரு மலாய்க்காரர். பெயர் வேண்டாம், நாங்கள் எல்லாரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். முரட்டு ஆள், ஆனால் கேட்கும் காது உள்ளவர்.

"பாஸ், பேஷண்ட் மாடு வேணாம்னு சொல்றாரு. இவரு இந்து, மாட்ட சாமியா கும்பிடறவரு" என்றேன்.

"மெட்டல்தானே வைக்கிறோம். மாடு எதற்கு?" என்றார் அவர் ஆங்கிலத்தில். நியாயமான பேச்சு. வெள்ளைப் பலகையில் 'மாடு வேண்டாம்' என்று எழுதச் சொன்னேன். அறுவை மேசையைத் தொடாமல் சாமான் எடுத்துக் கொடுத்து வெளிவேலை பார்க்கும் தாதி எழுதினாள். எல்லாருக்கும் திருப்தி.

உங்களுக்குத் தெரிந்த விஷயங்களை நான் நீட்டப்போவதில்லை. பழைய வால்வை எடுத்து, புதியதைத் தைத்தாகிவிட்டது. இதயத்தை மறுபடி துடிக்கவிட்டோம். நன்றாகத்தான் துடித்தது. நான் மனத்துக்குள் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் வால்வுக்குப் பின்புறம், சுண்ணாம்பைச் சுரண்டியெடுத்த இடத்தில், சுவர் பிளந்தது.

ரத்தம் எங்கள் பார்வையை மறைத்துக்கொண்டு வந்தது. பாஸ் விரலை வைத்து அழுத்தினார். இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுற்றவிடும் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டார்கள். இதயத்தை மறுபடி நிறுத்தினார்கள். இயந்திரத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒருவரை வைத்திருக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும்.

"பேட்ச்" என்றார் பாஸ்.

வெளிவேலைத் தாதி அலமாரியைத் திறந்துவிட்டாள். கையில் குப்பி. என் கண் தன்னால் வெள்ளைப் பலகைக்குப் போனது.

"பாஸ், அது மாடு" என்றேன்.

மயக்க மருந்து டாக்டர் என்னை முறைத்தார். 'இப்போதா இதைப் பேசுவது' என்ற முறைப்பு. எனக்கே என் குரல் யாருடைய குரலோ மாதிரி கேட்டது. ஆனால் காலையில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு 'நான் இருக்கேன்லா' என்று சொன்னது நான்தானே. அப்போது வாயை மூடிக்கொண்டால் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை?

பாஸ் கத்தவில்லை. விரலை எடுக்காமலேயே, நோயாளியின் சொந்த இதய உறையைப் பார்த்தார். நம் உடம்பிலேயே ஒட்டுத்துணி இருக்கும்போது கடைச் சரக்கு எதற்கு என்பார் அவர். பல சமயம் அதிலிருந்தே ஒரு துண்டு வெட்டித் தைத்திருக்கிறார். ஆனால் மாணிக்கம் அண்ணனுக்கு வாலிபத்தில் காசநோய் வந்திருந்தது. உறை தடித்து, கல் மாதிரி இறுகி இருந்தது. ஊசி இறங்கவில்லை. அடுத்து செயற்கைத் துணி கேட்டார், கொடுத்தேன், தைத்தார். நொறுங்கிப்போயிருந்த அந்தச் சுவரில் துணி படியவே இல்லை. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையிலும் ரத்தம் கசிந்தது. அதைப் பிரித்து எடுத்தார்.

"சிஸ்டர், அவர் என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்" என்றார்.

"என்ன ஆனாலும் சரி, மாடு வேணாம்னாரு."

"செத்தாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொன்னாரா?"

"அப்படிச் சொல்லல, பாஸ். அப்படி யாரும் கேக்கவும் இல்ல."

அதுதான் இடி. ஒரு பேட்ச் தேவைப்படலாம், அது மாடாகத்தான் இருக்கும், அது இல்லாமல் உயிர் போகும் நிலை வந்தால் என்ன செய்யட்டும் என்று இத்தனை டாக்டர், இத்தனை தாதி, ஒருவரும் அந்த மனிதரிடம் கேட்கவில்லை. வால்வைப் பற்றிக் கேட்டோம், அதற்குப் பதில் வாங்கினோம், முடித்துவிட்டோம். மயக்கத்தில் கிடப்பவரிடம் இப்போது போய்க் கேட்க முடியுமா?

கவிதாவுக்கு ஃபோன் போட்டார்கள். வெளிவேலைத் தாதி ஃபோனை எங்கள் பக்கம் தூக்கிப் பிடித்தாள். நான் இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னேன்.

"போடுங்க ஆன்ட்டி! எதையாச்சும் போட்டுக் காப்பாத்துங்க!" அழுகையோடு கத்தினாள். உடனே, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்" என்றாள்.

"மகளுக்கு இதில் உத்தரவு போடும் உரிமை இல்லை" என்றார் பாஸ், ஃபோன் வைத்ததும். "உயிர் போகிற நேரத்தில் முடிவு என்னுடையது. அவர் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டட்டும். செத்துப்போனால் திட்டக்கூட முடியாது. குப்பியைத் திறங்கள்."

அந்தத் துண்டை எடுத்து அப்படியே தைத்துவிட முடியாது. அது ஊறிக் கிடப்பது விஷத் தண்ணீர். சலைன் நிரப்பிய கிண்ணத்தில் போட்டு அலச வேண்டும். அடுத்த கிண்ணத்தில் மறுபடி. அதற்கடுத்த கிண்ணத்தில் மறுபடி. அவசரத்துக்கு அலசலைக் குறைத்தால் அந்த ரசாயனம் இதயத்துக்குள் போகும். அந்த வேலை என் கையில். பாஸ் கிழிசலை விரலால் மூடிக்கொண்டு நிற்கிறார். எல்லாரும் என் கையைப் பார்க்கிறார்கள்.

நான் அலசினேன். வழுவழுப்பாக, மெத்தென்று இருந்தது. எத்தனையோ தடவை அலசியிருக்கிறேன், ஒரு தடவைகூட அது ஒரு மாடு என்று நினைத்ததில்லை. அன்றைக்கு அது மாடாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் அழுதேன். முகக்கவசம் இருந்ததால் பிழைத்தேன். வேகமாக ஆட்டியிருப்பேன் போலிருக்கிறது.

"மெதுவாக அலசுங்கள், சிஸ்டர்" என்றார் பாஸ். "ஒழுங்காகச் செய்யுங்கள். கொடுக்கிறதுதான் கொடுக்கிறோம், சுத்தமாகக் கொடுப்போம்."

ஒட்டு பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு கசியவில்லை. இதயம் மறுபடி துடித்தது.

அண்ணன் தேறினார். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு வந்தார், கஞ்சி குடித்தார், தாதிகளிடம் பால் தண்ணியாக இருக்கிறது என்று குறை சொன்னார். என்னைப் பார்த்தபோதெல்லாம் கும்பிட்டார். எனக்கு அந்தக் கும்பிடு முள்ளாகக் குத்தியது.

இரண்டாவது அதிர்ச்சி அங்கேதான். சொல்ல வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. வார்டு டாக்டர், "பேட்ச் போட்டிருக்கிறோம்னு சொன்னா போதும், எந்த பேட்ச்னு அவர் கேக்கவா போறாரு?" என்றார். கவிதா என்னை வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"ஆன்ட்டி, அம்மா செத்தப்ப அப்பா சாப்பாட்டையே விட்டுட்டாரு. கெஞ்சிக் கெஞ்சித்தான் திரும்ப சாப்பிட வச்சேன். இது தெரிஞ்சா அவ்ளோதான். நீங்களும் தமிழ்தானே, உங்களுக்குப் புரியாதா?"

எனக்குப் புரிந்தது. பொய் சொல்லப்போவதில்லை, நான் ரொம்பத் தடுமாறிப் போனேன். உயிரைக் காப்பாற்றிவிட்டு அதை அவரே விட்டுவிடும்படி செய்வதா? பாஸ் அறைக்குப் போய் அவள் சொன்னதைச் சொன்னேன். சொல்ல வேண்டாமே என்று நானும் இழுத்தேன்.

அவர் கையிலிருந்த கோப்பை மூடினார். "அந்தக் குடலிறக்கப் பெரியவர் ஞாபகம் இருக்கிறதா, சிஸ்டர்? என்னுடைய பழைய அண்டை வீட்டுக்காரர் அவர். பன்றி என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டார். தெரியாமல் நடந்ததற்கு அல்லா மன்னிப்பான் என்றார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லையே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மகளையும் வரச் சொல்லுங்கள். அப்பாவுக்கு மலாய் தெரியும், ஆனால் இதை அவர் தன் பாஷையிலேயே கேட்கட்டும். நான் சொல்கிறேன், நீங்கள் தமிழில் சொல்லுங்கள்."

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் போனோம். அண்ணன் இருமும்போது நெஞ்சு வலிக்காமல் இருக்கத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவிதா சுவரோரம் நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு. பாஸ் சுற்றி வளைக்கவில்லை. சுவர் கிழிந்தது, உங்கள் சொந்த உறை உதவவில்லை, துணி நிற்கவில்லை, கடைசியில் மாட்டின் உறையை வைத்துத் தைத்தேன், நீங்கள் வேண்டாம் என்று சொன்னது எனக்குத் தெரியும், முடிவு என்னுடையது. ஒவ்வொன்றாக நான் தமிழில் சொன்னேன். கடைசியாக, பாஸ் சொல்லாத ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன்: "கழுவிக் குடுத்தது நான்தாண்ணே."

அண்ணன் தலையணையை இறுக்கிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரிய மாடா, கன்னா?" என்று கேட்டார்.

நான் எதிர்பார்த்த கேள்வி இது இல்லை. பாஸிடம் கேட்டேன். இளம் மாடாக இருக்கும், எங்கோ வெளிநாட்டில் இறைச்சிக்காக வெட்டியதிலிருந்து எடுத்திருப்பார்கள், அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றார். சொன்னேன்.

"இளசு" என்றார் அண்ணன். "காளக்கன்னாத்தான் இருக்கும். பொட்டக்கன்ன யாரு வெட்டுவாங்க."

பிறகு பேச ஆரம்பித்தார். எங்களைப் பார்த்துப் பேசவில்லை, தலையணையைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, என் கொட்டாயில பொட்டக்கன்னு பொறந்தா வச்சுக்குவேன். காளக்கன்னு பொறந்தா என்ன பண்றது? பாலு குடுக்குமா? கொஞ்சம் வளந்ததும் லோரிக்காரனுக்கு ஃபோன் போடுவேன். என் பொண்டாட்டி இருந்த வரைக்கும் அது நெத்தியில குங்குமம் வைப்பா. லோரி சத்தம் கேட்டதும் நான் வீட்டுக்குள்ள போயி டிவிய சத்தமா வச்சிருவேன். தாய் மாடு கத்தும்ல, அது கேக்காம இருக்கணும்னு. லோரி போனப்புறந்தான் வெளிய வருவேன். எங்க போவுதுன்னு ஒரு நாளும் அவன்கிட்ட கேட்டதில்ல. கேட்டாத்தானே தெரியும்."

கவிதா சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். "அப்பா," என்றாள். அவர் கையை ஆட்டி அவளை நிறுத்தினார்.

"மாடு வேணாம்னு நான் சொன்னது சாமிக்காகன்னு நெனச்சீங்களா? நான் என்ன அவ்ளோ நல்லவனா? பயம், தங்கச்சி. பயத்துலதான் சொன்னேன். அதுல ஒண்ணு என் நெஞ்சுக்குள்ள வந்து ஒக்காந்துகிட்டா, அப்புறம் நான் எந்த ரூமுக்குள்ள போயி எந்த டிவியப் போடறது?"

தியேட்டரில் எல்லாரும் கேட்க 'மாட்ட சாமியா கும்பிடறவரு' என்று அவருக்காக நான் சொன்ன காரணம் என் காதில் திரும்ப ஒலித்தது. நான் தமிழ், அவரும் தமிழ், நெற்றியில் திருநீறு, அவ்வளவுதான், வேறென்ன கேட்க இருக்கிறது என்று இருந்துவிட்டோம். ஒரு மனிதர் பயந்து நடுங்கிக்கொண்டு என் கையைப் பிடித்திருக்கிறார். அதை நான் பக்தி என்று படித்திருக்கிறேன்.

"என்ன சொல்கிறார்?" என்று பாஸ் கேட்டார்.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் கேட்டு முடித்ததும், வார்டில் யாரும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். அண்ணனின் முழங்கால் மேல் கை வைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை மலாய் இருந்தது, ஆனால் அதையும் பேசவில்லை.

"என் மேல கோவமாண்ணே?" என்று கேட்டேன். "மாடு இல்லன்னு நான்தானே சொன்னேன்."

"சொன்ன சொல்லு போச்சுதான்," என்றார், மழுப்பாமல். "ஆனா வந்து நின்னு மூஞ்சிக்கு நேரா சொன்னீங்கல்ல. நான் ஒரு நாளும் வெளிய வந்து நின்னதில்ல."

அன்றிரவு கஞ்சி வேண்டாம் என்றாராம். மறுநாளும் வேண்டாம் என்றார். கவிதா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் வார்டு பக்கம் போகவே பயந்தேன். உண்மையைச் சொல்லி ஆளைக் கொன்றுவிட்டோமோ என்று பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். அதற்கடுத்த நாள் காலை வார்டிலிருந்து ஃபோன் வந்தது. பால் தண்ணியாக இருக்கிறது என்று மறுபடி சண்டை போடுகிறாராம். நான் ஃபோனை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

இனி உங்களுக்கு. இப்போது அந்தக் கூடத்தில் நோயாளியிடம் மதம் என்ன என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. இன்னின்ன மிருகத்திலிருந்து வருவது உள்ளே போகலாம், சம்மதமா என்று எல்லாரிடமும் கேட்கிறார்கள். வேண்டாம் என்றால், அது இல்லாமல் உயிருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்யட்டும் என்றும் முன்னாலேயே கேட்கிறார்கள். பாஸ் பிடிவாதமாக நின்று கொண்டுவந்தார். நல்லது. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதற்கும் மேலே ஒன்று. ஒருவர் 'வேண்டாம்' என்றால், ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலை நீங்களே நிரப்பிக்கொள்ளாமல் நில்லுங்கள். உங்கள் ஊர்க்காரர், உங்கள் பாஷை, உங்கள் சாமி என்றால் இன்னும் கவனமாக நில்லுங்கள். வேற்று ஆளிடம் நாம் மரியாதைக்காவது கேட்போம். நம் ஆளிடம்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் விடுவோம்.

மாணிக்கம் அண்ணனை நான் அப்புறம் ஒரு தடவை பார்த்தேன். ரத்தம் பார்க்கக் கிளினிக்குக்கு வந்திருந்தார். உடம்பு தேறி, நடை வேகமாகியிருந்தது. எனக்கு ஒரு பாட்டில் பால் கொண்டு வந்திருந்தார். கவிதாவும் கூட இருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. கொட்டகை எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"போன வாரம் லோரி வந்துச்சு, தங்கச்சி" என்றார்.

எனக்குத் திக்கென்றது. "ஏத்தி விட்டீங்களாண்ணே?"

"ஏத்தித்தான் விட்டேன். வேற என்ன பண்றது, தீனிக்கு எங்க போறது." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "டிவி போடல. வெளிய வந்து நின்னேன். லோரி ரோட்டுல திரும்பற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்."

சட்டைக்கு மேலே, தையல் போட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"உள்ள இருக்கறதும் பாத்துச்சு" என்றார்.